எஸ்தர் ஜெபித்தாளா?

எஸ்தரைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு வார்த்தைகள் ஜோடியாக வந்து நிற்கும்: தைரியம், விசுவாசம். சிறுவர் வேதாகமக் கதைப் புத்தகங்களில் அவள் முழங்கால் போட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற படம் ஒன்று கட்டாயம் இருக்கும். என் மனதிலும் பல வருஷமாக அந்தப் படம்தான். சமீபத்தில் பாரசீக அரசவை பற்றிய ஒரு குறிப்புக்காக எஸ்தர் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வாசித்தேன். பத்து அதிகாரம், 167 வசனம்; ஒரு மணி நேரம்கூட ஆகாது. முடித்துவிட்டுத் திரும்பப் புரட்டித் தேடினேன். அந்த முழங்கால் காட்சி எங்கேயும் இல்லை.

காட்சி மட்டுமில்லை, கடவுளே இல்லை. எபிரேய எஸ்தரில் கடவுளின் பெயர் ஒரு தடவைகூட வராது. ராஜா என்கிற சொல் 180 தடவைக்கு மேல் வருகிறது. விருந்து வருகிறது, மது வருகிறது, வாசனைத் தைலம் வருகிறது, தபால் குதிரை வருகிறது. ஜெபம் என்ற சொல் வரவில்லை.

"மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறாளே, உபவாசம் என்றால் ஜெபமும் சேர்ந்ததுதானே?" என்று உடனே கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆனால் நெகேமியாவைப் பாருங்கள். அவனும் அதே சூசான் அரண்மனையில் இருந்தவன், ராஜாவுக்குப் பானம் கொடுக்கிறவன். தன் ஜனத்துக்காக ராஜாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ராஜா என்ன வேண்டும் என்று கேட்டதும், பதில் சொல்வதற்கு முன் அந்த இடைவெளியிலேயே ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வாய் திறக்கிறான். அதை நம்மிடமும் சொல்லிவிடுகிறான். தானியேல் உபவாசம் இருக்கும்போது பக்கத்திலேயே நீளமான ஜெபம் இருக்கிறது. அப்படியிருக்க, எஸ்தரை எழுதியவர் மட்டும் இதை மறந்துவிட்டார் என்று நம்ப முடியவில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அகாஸ்வேரு ராஜா (பாரசீகத்தின் முதலாம் செர்க்செஸ், கி.மு. 486 முதல் 465 வரை ஆண்டவன் என்பது பொதுவான அடையாளம்) விருந்தில் குடித்துவிட்டு, ராணி வஸ்தியைச் சபைக்கு வந்து அழகைக் காட்டச் சொல்கிறான். அவள் வர மறுக்கிறாள், பட்டம் பறிபோகிறது. நாடு முழுக்கப் பெண்களைத் திரட்டுகிறார்கள். அதில் ஒருத்தி எஸ்தர் என்கிற அத்சாள், தாய் தகப்பன் இல்லாதவள். வளர்த்தவன் மொர்தெகாய். பலரும் அவனை மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எபிரேயக் கணக்குப்படி அவள் அவனுக்குச் சித்தப்பா மகள், அதாவது அவன் அண்ணன் முறை. ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் மற்ற வாசனைப் பொருள்கள் என்று ஒரு வருஷம் அவளைத் தயார்படுத்தி ராஜாவிடம் அனுப்புகிறார்கள். அவள் ராணி ஆகிறாள். யூதப் பெண் என்பதை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணன் சொல்ல வேண்டாம் என்றதால்.

இந்த இடம் வரை எஸ்தருக்கென்று சொந்தமாக ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது என்றே சொல்லலாம். அவள் கொண்டுபோகப்படுகிறாள், வைக்கப்படுகிறாள், சொன்னதைச் செய்கிறாள். அழகிப் போட்டி மாதிரி இதைச் சொல்லுகிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. யாரும் பெயர் கொடுத்துச் சேர்ந்த போட்டி இல்லை அது, வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ராஜாவிடம் ஓர் இரவு போய்வந்தவள் மறுநாள் வேறொரு அந்தப்புரத்துக்குப் போவாள், ராஜா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தவிர மறுபடி அவனைப் பார்க்கவே முடியாது என்று புத்தகமே சொல்கிறது.

ஐந்து வருஷம் கழித்து, ராஜாவின் பெரிய மந்திரி ஆமான், மொர்தெகாய் தன்னை வணங்கவில்லை என்ற கோபத்தில் யூத இனத்தையே அழிக்க உத்தரவு வாங்குகிறான். கஜானாவுக்கு 10,000 தாலந்து வெள்ளி தருகிறேன் என்கிறான். நாள் குறிக்கச் சீட்டுப் போடுகிறார்கள். அந்தச் சீட்டுக்குத்தான் 'பூர்' என்று பெயர், பூரீம் பண்டிகை என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சீட்டு ஆதார் மாதத்தில் விழுகிறது. நீசான் மாதம் 13-ஆம் தேதி எழுதப்பட்ட உத்தரவு 127 நாடுகளுக்கும் போகிறது.

இப்போதுதான் நான்காம் அதிகாரம் வருகிறது. எனக்கு முழுப் புத்தகமும் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது.

மொர்தெகாய் இரட்டு உடுத்தி, சாம்பல் போட்டுக்கொண்டு அரண்மனை வாசலுக்கு முன்னால் நிற்கிறான். அந்தக் கோலத்தில் உள்ளே வர முடியாது. எஸ்தர் வெளியே வர முடியாது. நடுவில் ஆத்தாகு என்கிற அரண்மனைப் பணியாளன், அவன் இங்கேயும் அங்கேயும் நடந்து செய்தி சொல்கிறான். ஒரு இனத்தின் உயிர் பற்றிய பேச்சுவார்த்தை, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நடக்கிறது.

எஸ்தர் முதலில் செய்தது என்ன தெரியுமா? மாற்றுத் துணி அனுப்பினாள். அந்த இரட்டைக் கழட்டிப் போடு என்று. அவளுக்கு விஷயமே தெரியாது. ஊரே கலங்கிக்கிடக்கிறது, அரண்மனைக்குள் செய்தி வரவில்லை. விஷயம் தெரிந்த பிறகும் அவள் சொன்ன முதல் பதில் 'முடியாது' என்பதுதான். நேராகச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னாள். கூப்பிடாமல் ராஜா முன்னால் போகிறவருக்கு மரணம், அவன் பொற்செங்கோலை நீட்டினால் மட்டும் பிழைக்கலாம். தன்னைக் கூப்பிட்டு முப்பது நாளாகிறது.

இந்தப் பயம் கதைக்காகப் போட்ட பயம் இல்லை. ஹெரோடோட்டஸ் மூன்றாம் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். செர்க்செஸின் அப்பா டேரியஸ் ஆட்சிக்கு வர உதவியவர்கள் ஆறு பிரபுக்கள். ராஜா மனைவியோடு இருக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் சொல்லாமல் உள்ளே போகலாம் என்கிற சலுகை அவர்களுக்கு இருந்தது. அதில் ஒருவன் இன்டஃபெர்னஸ். ஒரு நாள் உள்ளே போகப் பார்க்கிறான். ராஜா மனைவியோடு இருக்கிறார் என்று காவல்காரன் தடுக்கிறான். பொய் சொல்கிறான் என்று நினைத்து, தடுத்தவர்களின் காதையும் மூக்கையும் அறுத்துவிடுகிறான் இவன். டேரியஸ் அவனை மட்டுமல்ல, பிள்ளைகளையும் உறவினர்களையும் சேர்த்துச் சிறைபிடித்துச் சாவுக்குக் குறிக்கிறான். இன்டஃபெர்னஸின் மனைவி தினமும் அரண்மனை வாசலில் வந்து நின்று அழுகிறாள். கடைசியில் ராஜா இறங்கிவந்து, ஒரே ஒருவரைக் காப்பாற்றிக்கொள் என்கிறான். அவள் புருஷனைக் கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை, சகோதரனைக் கேட்டாள். புருஷனும் பிள்ளையும் மறுபடி கிடைக்கலாம், அப்பா அம்மா செத்துப்போன பிறகு சகோதரன் கிடைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. ராஜாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய் மூத்த மகனையும் விட்டான். மற்ற அத்தனை பேரையும் கொன்றான்.

ஒரு பெரிய குடும்பத்துப் பெண் தினம் தினம் அழுதும் இரண்டு உயிர்தான் கிடைத்தது. பாரசீக வாசல் அப்படிப்பட்டது. எஸ்தர் ஒரு இனத்தையே கேட்கப் போகிறாள்.

எஸ்தர் என்று ஒரு ராணி உண்மையில் இருந்தாளா என்ற கேள்வியும் இங்கேயே வந்துவிடுகிறது. ஹெரோடோட்டஸ் தருகிற செர்க்செஸின் மனைவி பெயர் அமெஸ்ட்ரிஸ், பாரசீகத் தளபதி ஒட்டானஸின் மகள். ராஜாக்கள் குறிப்பிட்ட சில குடும்பங்களில்தான் பெண் எடுக்கவேண்டும் என்ற ஏற்பாட்டையும் அவரே சொல்கிறார். எஸ்தருக்கோ மொர்தெகாய்க்கோ பாரசீகப் பக்கத்திலிருந்து சான்று இல்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை வரலாற்றுப் பின்னணியில் எழுதிய கதை என்றே எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுதியவருக்கு அந்த அரண்மனையின் காற்று தெரியும். மொர்தெகாய் உட்கார்ந்திருந்த 'ராஜாவின் வாசல்' வெறும் கதவு இல்லை, தனிக் கட்டடம். சூசாவில் ஜான் பெரோ தலைமையிலான பிரெஞ்சுக் குழு 1970-களில் அப்படிப்பட்ட வாசல் கட்டடத்தைத் தோண்டி எடுத்தது. டேரியஸின் தலையில்லாத சிலை 1972-இல் அங்கேதான் கிடைத்தது.

சரி, நான்காம் அதிகாரத்துக்குத் திரும்புவோம். மொர்தெகாய் திருப்பி அனுப்பும் பதிலில் கருணையே இல்லை. அரண்மனையில் இருப்பதால் தப்பிவிடுவாய் என்று நினைக்காதே. நீ மௌனமாக இருந்தால் யூதருக்கு உதவி வேறு ஓரிடத்திலிருந்து வரும், நீயும் உன் தகப்பன் வீடும் அழிவீர்கள். யாருக்குத் தெரியும், இந்த நேரத்துக்காகவே உனக்கு இந்தப் பதவி வந்திருக்கலாம். அந்த 'வேறு ஓரிடம்' கடவுள்தான் என்று காலங்காலமாக விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதையும் பெயர் சொல்லாமல்தான் சொல்கிறான். 'யாருக்குத் தெரியும்' என்பது வாக்குறுதி இல்லை. செங்கடல் பிளக்கும் என்று மோசேக்குச் சொன்ன மாதிரி இவளிடம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. கனவில்லை, தூதனில்லை, அடையாளம் இல்லை.

அதன்பிறகு அவள் பேசுகிறாள். சூசானில் இருக்கிற யூதரையெல்லாம் கூட்டு, மூன்று நாள் இரவும் பகலும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள், நானும் என் பணிப்பெண்களும் அப்படியே இருப்போம். பிறகு சட்டத்துக்கு மாறாக உள்ளே போகிறேன், செத்துப்போவதானால் போகிறேன். இந்த வார்த்தையில் வீராவேசம் தெரியவில்லை எனக்கு. கணக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதைச் சொல்கிற குரல்தான் கேட்கிறது. அடுத்த வசனத்தில் ஒரு சின்னத் திருப்பம்: மொர்தெகாய் போய் எஸ்தர் கட்டளையிட்டபடி எல்லாம் செய்தான். இதுவரை அவன் சொல்லி அவள் செய்தாள், இனி நேர்மாறு.

தால்முத் உரைகாரர்கள் இங்கே ஒரு சிக்கலைப் பிடித்திருக்கிறார்கள். உத்தரவு நீசான் 13-இல் எழுதப்பட்டது. உடனே மூன்று நாள் உபவாசம் என்றால் நடுவில் பஸ்கா வருகிறது! எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடிச் சாப்பிட வேண்டிய இரவில் பட்டினி. மொர்தெகாய் பஸ்காவின் முதல் நாளை உபவாசத்தில் கழித்து, அந்தக் கட்டளையையே மீறினான் என்பது மெகில்லா பகுதியில் இருக்கிற ஒரு விளக்கம். பண்டிகையை விட்டால்தான் பண்டிகை கொண்டாட ஆள் மிஞ்சும்.

ஜெபத்துக்கு வருவோம். கிரேக்க மொழிபெயர்ப்பு செய்தவர்களால் இந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. நூறு வசனங்களுக்கு மேல் சேர்த்தார்கள். அதில் எஸ்தர் நன்றாக ஜெபிக்கிறாள். ராஜ உடையைக் கழற்றி, தலையில் சாம்பலும் குப்பையும் போட்டுக்கொண்டு, தனியாக இருக்கிறேன், உன்னைத் தவிர உதவி இல்லை என்று அழுகிறாள். விருத்தசேதனம் இல்லாதவனின் படுக்கையை வெறுக்கிறேன், இந்தக் கிரீடம் எனக்குத் தீட்டுத்துணி மாதிரி, ஆமானின் பந்தியில் நான் சாப்பிட்டதில்லை என்கிறாள். ராஜா முன்னால் போனதும் மயங்கி விழுகிறாள். கடவுள் ராஜாவின் மனதைச் சாந்தமாக மாற்றுகிறார். தமிழிலும் இரண்டு எஸ்தரும் உண்டு. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் எபிரேய வடிவம் மட்டும். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் கிரேக்க வடிவமும் தனி நூலாக இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே பெண் என்று நம்பக் கஷ்டம்.

ரபிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். ராஜாவின் சிலைகள் இருந்த அறைவரை போனதும் தெய்வப் பிரசன்னம் அவளை விட்டு விலகியது, அங்கே அவள் 22-ஆம் சங்கீதத்தின் முதல் கேள்வியை, ஏன் கைவிட்டீர் என்கிற கேள்வியைக் கேட்டாள் என்கிறது தால்முத். அவர்களும் அவளுக்கு ஒரு ஜெபம் கொடுத்தார்கள்தான். ஆனால் கைவிடப்பட்டவளின் ஜெபம்.

இன்னொன்று. எஸ்தரின் துணிச்சல் என்றால் எல்லோரும் ஏழாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவார்கள்: செங்கோல் நீட்டினான், விருந்து வைத்தாள், ஆமான் தொங்கினான், சுபம். எட்டாம் அதிகாரத்தில் அவள் மறுபடி போகிறாள். அப்போது ஆமான் செத்தாயிற்று, அவன் வீடு அவள் கைக்கு வந்தாயிற்று, மொர்தெகாய் விரலில் ராஜாவின் மோதிரம். ராஜா அவள் பக்கம். அவளும் அண்ணனும் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் உத்தரவு அப்படியே இருக்கிறது. பாரசீக ராஜாவின் முத்திரை போட்ட எழுத்தை ராஜாவேகூட ரத்துப் பண்ண முடியாது என்பது கதையின் விதி. முதல் தடவை கம்பீரமாக ராஜ உடையில் நின்றவள் இந்தத் தடவை காலில் விழுந்து அழுகிறாள். மறுபடியும் அந்தச் செங்கோல் நீளவேண்டியிருக்கிறது. என் ஜனத்துக்கு வருவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறாள். தனக்கு ஆபத்து இல்லாதபோது கேட்ட இந்தக் கேள்விதான் எனக்கு முதலாவதைவிடப் பெரியது. அதன் பலனாக சீவான் 23-ஆம் தேதி இன்னொரு உத்தரவு போகிறது: யூதர் கூடித் தங்களைக் காத்துக்கொள்ளலாம்.

அந்த உத்தரவின் விளைவையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஒன்பதாம் அதிகாரத்தில் 75,000 பேர் கொல்லப்படுகிறார்கள் (கிரேக்கத்தில் 15,000). சூசானில் இன்னொரு நாள் வேண்டும் என்று கேட்கிறவளும் இதே எஸ்தர்தான். ஆமானின் பத்து மகன்களின் உடலைத் தொங்கவிடச் சொல்கிறவளும் அவள்தான். கொள்ளையில் கைவைக்கவில்லை என்று மூன்று முறை சொல்கிறது புத்தகம், சரி. கதையின் எண் கதையின் எண்ணாகவே இருக்கட்டும், எனக்கு அந்தப் பக்கங்கள் ஒவ்வொரு தடவையும் கசக்கத்தான் செய்கின்றன. மார்ட்டின் லூதருக்கு இந்தப் புத்தகமே பிடிக்காது. ஆனால் அவருடைய யூத வெறுப்பு தெரிந்த பிறகு, அவர் பக்கம் சாய்ந்து நிற்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் குறித்து வைத்தபோது என் முடிவு தெளிவாகவே இருந்தது: எபிரேய எஸ்தர்தான் உண்மையானவள், கிரேக்க ஜெபம் பக்தர்கள் போட்ட ஒட்டு. அப்புறம் ஸ்பெயின், போர்ச்சுகல் யூதர்களைப் பற்றிப் படித்தேன், அந்தத் தெளிவு கொஞ்சம் ஆட்டங்கண்டது.

1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1497-இல் போர்ச்சுகல் தன்னிடம் இருந்தவர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்து மாற்றியது. வெளியில் கத்தோலிக்கர், வீட்டுக்குள் யூதர் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. எபிரேயப் புத்தகம் வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. பூரீம் கொண்டாட முடியாது. ஆமான் பெயர் வரும்போதெல்லாம் சத்தம் போடுகிற பண்டிகை அது, அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆனால் பட்டினி கிடப்பது யாருக்கும் கேட்காது. அதனால் பண்டிகை மறைந்து உபவாசம் பெரிதானது. தன் இனத்தை மறைத்து வாழ்ந்த ராணி அவர்களுக்குச் சொந்தக்காரி மாதிரி, 'புனித எஸ்தர்' என்றே சொன்னார்கள். நாள்காட்டி கையில் இல்லாததால் நிலவைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். சிலர் மூன்று நாளும் இருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். விசாரணை மன்றங்கள் மாதா கோவில்களில் வாசிக்கவைத்த அறிவிப்புகளில், ஒருவர் ரகசிய யூதர் என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாக எஸ்தர் ராணியின் உபவாசமும் இருந்தது.

அவர்கள் என்ன சொல்லி ஜெபித்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எபிரேயம் போய்விட்டது. கையில் கிடைத்தது சர்ச்சின் லத்தீன் வேதாகமம். அதில் அந்தச் சேர்க்கைகள் இருந்தன. ஜெரோம் அவற்றை வெட்டிப் புத்தகத்தின் கடைசியில் தொகுத்து வைத்திருந்தார். அங்கிருந்து எஸ்தரின் ஜெபத்தை எடுத்து மனப்பாடம் பண்ணினார்கள். நான் ஒட்டு என்று ஒதுக்கிய அதே ஜெபம். எனக்குப் பிடிக்காத அந்த வரிகளை அவர்கள் எந்த இடத்தில் நின்று சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கிரீடம் எனக்கு அருவருப்பு, அவர்கள் பந்தி என் பந்தி இல்லை, நான் எப்படி வாழ்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து சொல்ல, இதைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்கிறது?

1917-இல் சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து யூதர், சுரங்கப் பொறியாளர், வேலை விஷயமாகப் போர்ச்சுகலின் பெல்மோன்ட் என்ற மலையூருக்குப் போனார். அங்கே இன்னும் ரகசியமாக யூத வழக்கங்களைக் காத்துக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்தார். ஜெபங்களெல்லாம் போர்ச்சுகீசிய மொழியில். வயதான பெண்கள் வாய்வழியாகக் காத்து வைத்திருந்தார்கள். இவர் யூதர் என்பதை அவர்கள் நம்பவில்லை. தங்களுடைய ஜெபம் ஒன்றுகூட இவருக்குத் தெரியவில்லையே! கடைசியில் ஷ்வார்ஸ் எபிரேயத்தில் ஷெமாவைச் சொன்னார். 'அதோனாய்' என்ற சொல் வந்ததும் பெண்கள் கையால் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு மூதாட்டி மற்றவர்களிடம் திரும்பி, இவர் யூதர்தான், அந்தப் பெயர் இவருக்குத் தெரிந்திருக்கிறது என்றாள்.